வாயில் வராத சொல்

நகராட்சி மாடியில் இருந்த கூட்ட அறையில் அன்று காலை ஆறு பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைமாட்டில், முதுகுக்குத் துண்டு விரித்த நாற்காலியில், ஆணையர். அவருக்கு வலப்பக்கம், சுருட்டிய வரைபடத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு, பொறியாளர். இடப்பக்கம், நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்து முதுகை வளைக்காமல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மேசையின் கால்மாட்டில் கவிஞர். கதவோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில், யாரும் அழைக்காமலேயே வந்திருந்த கவிஞரின் அக்கா. பாதி உடம்பு உள்ளேயும் பாதி வராந்தாவிலுமாக நின்ற அலுவலக உதவியாளரையும் சேர்த்தால்தான் ஆறு வரும்.

விஷயம் இதுதான். நகரத்தில் புதிதாகப் பேருந்து நிலையம் கட்டியிருந்தார்கள். நுழைவாயில் சுவரில், இந்த நகரத்துப் பேச்சு மொழியிலேயே கவிதை எழுதிப் பேர் வாங்கிய கவிஞரின் வரி ஒன்றைப் பெரிய எழுத்தில் பதிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். வரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வாரத்திலேயே தமிழாசிரியர் எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டார். அந்த மனுவைக் குறிப்பிட்டு நகராட்சி கவிஞருக்குக் கடிதம் எழுதியது. "தங்கள் வரியில் உள்ள 'மிச்சவழி' என்பது இந்நகர மக்களின் வாயில் வராத சொல் எனப் புகார் வந்துள்ளது. தங்கள் விளக்கத்தை நேரில் தெரிவிக்கவும்."

வாயில் வராத சொல். கவிஞருக்கு அந்த மூன்று சொற்கள் போதும், சோறு இறங்காமல் போவதற்கு.

அவர் இந்த நகரத்தில் இருக்கவில்லை. அப்பா போனபின் அவரைச் சித்தப்பா தன்னோடு வேறு ஊருக்கு அழைத்துப் போனபோது அவருக்குப் பத்து வயது. அங்கேயே படித்து, அங்கேயே மருந்துச் சீட்டு அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்துவிட்டது. பகலெல்லாம் "உணவுக்குப் பின்", "குலுக்கிவிட்டு அருந்தவும்" என்று பொடி எழுத்தில் கண்ணை விடுவார். மாலையில் வீட்டுக்கு வந்து, விட்டுவந்த நகரத்தின் பேச்சில் கவிதை எழுதுவார். புத்தகம் மூன்று வந்தது. மூன்றின் அட்டையிலும் 'எங்கள் நகரத்துப் பேச்சில்' என்று போட்டிருந்தது. அவருடைய மொத்தச் சொத்தும் அந்த அட்டை வாசகம்தான். ஒரு சொல் பொய் என்றால், மற்றச் சொற்களுக்கு யார் ஜாமீன்?

முந்தைய நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் வந்து இறங்கியதும், கையைக்கூடக் கழுவாமல், அதைத்தான் கேட்டார்.

"அக்கா, மிச்சவழின்னா என்ன?"

"இது என்னடா கேள்வி? பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் நடக்கிறது. அம்மா சொல்லுமே, 'வாங்கடா, மிச்சவழி போலாம்'னு."

"அம்மா சொல்லும். வேற யார் சொல்லுவாங்க?"

அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையை நான்காக மடித்தவள், பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நான் சொல்லுவேன்."

"உன்னை விட்டுடு."

"என் பசங்க சொல்லுவாங்க. மாமா முதல்ல சிரிச்சாரு, அப்புறம் அவரும் பழகிட்டாரு."

"நம்ம வீட்டைத் தவிர, அக்கா. தெருவுல? கடையில? எதிர்வீட்டுல?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. "அப்படிக் கேட்டா... இல்லடா. வெளியில நான் கேட்டதில்ல. அது நம்ம அம்மா சொல்லு போலிருக்கு."

கவிஞர் கூடத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓர் ஊரின் பேச்சு என்று அவர் எழுதிக் குவித்தது, ஒரு பெண்பிள்ளை தன் இரண்டு பிள்ளைகளிடம் பேசிய பேச்சு மட்டும்தானா? வேறு எந்தெந்தச் சொல்லெல்லாம் அம்மாவோடு முடிந்துபோனதோ? யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? மருந்துச் சீட்டில் இப்படி ஒரு பிழையை விட்டிருந்தால் அன்றே வேலையை விட்டு நின்றிருப்பார்.

"நாளைக்குப் போய் வரியைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

"நீ தனியா போக வேண்டாம். நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"திரும்ப வாங்கினதைத் தூக்கிட்டு வர ஆள் வேணாமா?" என்றாள் அக்கா.

அப்படித்தான் அவள் முக்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆணையர் மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆனவர். பொறியாளரும் வெளியூர்தான். இருவருக்கும் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. எழுத்து எத்தனை, சுவர் எவ்வளவு அகலம், சாயங்காலத்துக்குள் எழுத்து வெட்டுகிறவருக்கு வாசகம் போய்ச் சேருமா என்பதுதான் அவர்கள் கவலை. ஆணையர் தொண்டையைச் செருமிக்கொண்டு பொருளை வாசித்தார். "...'மிச்சவழி' என்னும் சொல் தொடர்பாக..."

கதவருகில் உதவியாளர் களுக்கென்று சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்.

"என்னய்யா?"

"தூசி சார்."

கவிஞருக்குக் காது மடல் சுட்டது. உதவியாளர் வரைக்கும் தெரிந்திருக்கிறது, இப்படி ஒரு சொல்லே கிடையாது என்று.

தமிழாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவரை 'ஒற்று சார்' என்பார்கள். எங்கே ஒரு ஒற்று விட்டுப்போனாலும் அவருக்குத் தூக்கம் வராது. கடைப் பலகையில் ஒரு 'க்' இல்லை என்றால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். அப்படிப்பட்டவர் இன்று கவிஞரை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதும் சிவந்திருந்ததைக் கவிஞர் அப்போது கவனித்தாலும் அது கோபம் என்றே எண்ணினார்.

கவிஞர் எழுந்தார்.

"ஐயா சொல்றது சரி. அந்தச் சொல் ஊர்ச் சொல் இல்ல. எங்க அம்மா சொன்னது. நான் ஊருக்கே பொதுன்னு நினைச்சுட்டேன். சின்ன வயசுல போனவன், தெரியல. வரியை எடுத்துடுங்க. நான்..."

"என்னது?" என்றார் ஒற்று சார். முதல்முறையாக நிமிர்ந்தார். "அம்மா சொன்னாங்களா? உங்க அம்மாவா? பிள்ளைங்ககிட்டயா?"

"ஆமாங்க ஐயா."

"தினமுமா?"

"பஸ்ஸை விட்டு இறங்கினா சொல்லுவாங்க."

ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். உதவியாளர் இப்போது இருமக்கூட முயலாமல் வராந்தாவுக்கே போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

முக்காலி கிறீச்சிட்டது. "சார், எங்க அம்மாவைப் பத்தி என்ன சிரிப்பு?" என்று அக்கா எழுந்துவிட்டாள். "சொல் இல்லைன்னு எழுதினீங்க. சரி. தம்பி ஒத்துக்கிட்டான். அதுக்கு மேல என்ன?"

"சொல் இல்லைன்னு நான் எங்கம்மா எழுதினேன்?"

"வாயில வராத சொல்னு எழுதலையா?"

ஒற்று சார் திகைத்தார். பையைத் திறந்து தன் மனுவின் நகலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். விரலை வைத்து வாசித்தார். "வாயில் வரத்தகாத சொல். வ-ர-த்-த-கா-த. நல்லாப் பாருங்க. வரவே கூடாத சொல்னு எழுதியிருக்கேன். வராத சொல்னு எவன் எழுதினது?"

ஆணையர் கோப்பைப் புரட்டினார். கடிதத்தில் 'வராத' என்றுதான் இருந்தது. தட்டச்சு செய்தவர் வரி நீளமாகப் போகிறதென்று சுருக்கியிருக்க வேண்டும்.

"நம்ம ஊர்க்காரங்க பேசுறப்ப கடைசி வார்த்தையைத்தான் முழுங்குவாங்க" என்றார் ஒற்று சார், உள்ளபடியே மனம் நொந்து. "உங்க ஆபீஸ்ல நடு எழுத்தையே முழுங்கிட்டாங்களே சார்!"

கவிஞர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப... அந்தச் சொல் இருக்கா?"

"இல்லாமலா நான் மனு கொடுத்தேன்?"

"இந்த ஊர்லயா?"

"இந்த ஊரைத் தவிர வேற எங்கயும் கிடையாது. போதுமா?"

"அர்த்தம்?"

ஆசிரியர் அக்காவைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பெண்கள் இருக்கிற இடத்துல..."

"எனக்குப் பேரனே இருக்கான். நீங்க சொல்லுங்க" என்றாள் அக்கா.

"பஸ்ல டிக்கெட் இல்லாம வந்தவனைக் கண்டக்டர் பாதியில இறக்கி விடுவான் பாருங்க. அப்பச் சொல்றது. 'இறங்கு, உன் மிச்சவழியப் பாத்துக்க'ன்னு. அதுலேர்ந்து பசங்க பிடிச்சுக்கிட்டாங்க. எவனையாவது ஒழிஞ்சு போடான்னு துரத்தணும்னா அதான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சேர்த்துச் சொல்ற சங்கதிகளை நான் இங்க சொல்ல மாட்டேன். ஆம்பளைப் பசங்க பேச்சு அது. வீட்டுக்குள்ள வராது. இந்தம்மாவுக்குத் தெரியாதது அதிசயமில்ல."

"எனக்கு ஏன் தெரியல?" என்றார் கவிஞர்.

"நீங்க எத்தனை வயசுல போனீங்க?"

"பத்து."

"அதான். கெட்ட வார்த்தை கத்துக்கிற வயசு வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க. நூலகத்துல உங்க புத்தகம் ரெண்டு இருக்கு, ரெண்டும் படிச்சேன். எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சுதான், குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு வசவு கிடையாது. இந்த ஊர்ல வசவு இல்லாம ஒரு பக்கம் பேச முடியுமா? அப்பவே நினைச்சேன், இவரு அரை நிஜாரோட போனவர்னு."

அறையில் யாரும் எதிர்பார்க்காத காரியம் நடந்தது. கவிஞர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒற்று சார் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார்.

"வசவுங்களா ஐயா?" என்றார் கவிஞர் மூச்சு வாங்க. "நிஜமாவே வசவுதானா?"

"நல்ல கெட்டியான வசவு."

"நல்லா இருங்க ஐயா." கவிஞர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்திலேர்ந்து எனக்கு உயிரே இல்ல."

தன்னைத் தட்டிக்கொடுப்பதற்குப் பதிலாகத் திட்டினாலும் பரவாயில்லை, அது தன் ஊராக இருந்தால் போதும் என்று ஒரு மனிதன் மகிழ்வதை ஆணையர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கேனின் குழாயைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐஸ் பாக்டரி" என்றாள்.

"என்னக்கா?"

"ஐஸ் பாக்டரி கிட்ட நம்மளை இறக்கி விட்டுட்டாங்கடா. நீ இடுப்புல இருந்த. உனக்கு அரை டிக்கெட் வாங்கலைன்னு. அம்மா, 'சின்னப் பிள்ளைங்க, கைக்குழந்தைங்க'ன்னுது. உன் காலு தரையைத் தொடுது! கண்டக்டர் நம்புவானா? என்னமோ கத்தினான், பஸ் சத்தத்துல எனக்குக் கேக்கல. பஸ் போயிடுச்சு. அம்மா அப்படியே நின்னுது. நான் அழப்போறேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. உடனே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வாங்கடா, மிச்சவழிய நம்மளையே பாத்துக்கச் சொல்லிட்டாரு மாமா'ன்னு சிரிச்சுது. வழியெல்லாம் கதை சொல்லிக்கிட்டே வந்துது. அந்தக் கதை ஞாபகம் இருக்கு, எதுக்கு நடந்தோம்னு மறந்தே போயிருந்தேன். அதுக்கப்புறம் எப்ப பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அதையேதான் சொல்லும்."

அக்கா மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

கவிஞருக்கு அந்த நடை நினைவில் இல்லை. இடுப்பில் இருந்தவனுக்கு என்ன தெரியும்? ஆனால் கையில் ஒரு சொல் இருந்தது. அதை எங்கே எடுத்தார்கள், யார் வாயிலிருந்து விழுந்ததை அம்மா குனிந்து எடுத்துத் துடைத்துத் தன் பிள்ளைகளிடம் கொடுத்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. ஊர் சொன்னதுதான். அம்மா சொன்னதும்தான். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒற்று சார் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். இம்முறை துடைக்க வேண்டிய அவசியமும் இருந்தது.

"அம்மா பெரிய மனுஷி" என்றார். பிறகு, தன் கடமையும் நினைவுக்கு வந்தவராக, "ஆனா சுவர்ல இருக்கப்போறது அம்மா இல்லீங்களே. ஊர்லேர்ந்து வர்றவன் போறவன் எல்லாம் இறங்கினதும் நிமிர்ந்து பாக்கிறான். 'மிச்சவழி பாத்துக்கலாம்'னு எழுதியிருக்கு. நம்ம ஆளு என்ன நினைப்பான்? ஊரை விட்டுப் போனவன் ஊரையே பார்த்து ஒழிஞ்சு போன்னு சொல்றான்னு தான் நினைப்பான். நானே அப்படித்தான் நினைச்சேன். வயித்தெரிச்சல்ல தான் மனு எழுதினேன்."

"மிச்சவழி பாத்துக்கலாம், அவ்வளவுதான் இருக்கா?" என்று கவிஞர் கேட்டார்.

"பலகையில அப்படித்தான் இருக்கு."

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் தம்ளரையும் மறுமுனையில் தன் கைப்பேசியையும் வைத்தார். நுழைவாயில் சுவர், தூண்கள், நடுவில் கொட்டை எழுத்து: மிச்சவழி பாத்துக்கலாம்.

"'வா' எங்கே?" என்றார் கவிஞர்.

"எந்த வா?"

"என் வரி அது இல்லீங்க. 'பஸ்சு இதோட நின்னுடுச்சு. வா, மிச்சவழி நாம பாத்துக்கலாம்.' அதான் வரி. 'வா' எங்கே, 'நாம' எங்கே?"

பொறியாளர் பின்கழுத்தைத் தடவினார். "இடம் பத்தலைங்க. ரெண்டு தூணுக்கு நடுவுல வரணும். முக்கியமான வார்த்தையை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை..."

"முக்கியமானதை எடுத்துட்டு மத்ததை வெச்சிருக்கீங்க!" என்று ஒற்று சார் மேசையைத் தட்டினார். தம்ளர் ஆடி, வரைபடம் ஒரு பக்கம் சுருண்டுகொண்டது. "வான்னு இருக்கா அதுல? நாமன்னு இருக்கா? திட்டுறவன் எவனாவது வான்னு சொல்லுவானா? போன்னு தானேய்யா சொல்லுவான்! அந்த ஓரெழுத்து இருந்திருந்தா நான் மனுவே கொடுத்திருக்க மாட்டேனே!"

"தூணு..." என்றார் பொறியாளர்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதா வெட்டுங்க. இல்லன்னா தூணை நகர்த்துங்க."

"முதல் வரி வேணாம்" என்றார் கவிஞர். "பஸ் நின்னது இறங்கினவங்களுக்கே தெரியும். 'வா, மிச்சவழி நாம பாத்துக்கலாம்.' இது போதும்."

பொறியாளர் பென்சிலால் வரைபடத்தின் ஓரத்தில் எழுத்துகளை எழுதிப் பார்த்தார். உதடு அசைந்தது. அளவுகோலை வைத்தார், எடுத்தார். "வந்துடும்" என்றார். அவர் குரலிலும் நிம்மதி இருந்தது.

வராந்தாவிலிருந்து தலை நீட்டிய உதவியாளர் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். "எங்க அப்பா என்னை ஸ்கூல்ல விடுறப்ப 'போ, உன் மிச்சவழியப் பாத்துக்க'ன்னு தான் சொல்லுவாரு."

"நீ உள்ள வந்து நில்லு, இல்ல வெளியில நில்லு" என்றார் ஆணையர். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எல்லாம் முடிந்ததென்று நாற்காலிகள் நகர்ந்தபோது ஆணையர் கையை உயர்த்தினார். "எல்லாரும் ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். ஆனா என் கோப்புல இருக்கிறது புகார் மட்டும்தான். விளக்கம் எழுத்துல வேணும். அதுவும் வெளியிலேர்ந்து வந்த தபாலா வரணும். இங்க உக்காந்து எழுதி என் கையில கொடுத்தா, நானே எழுதி வாங்கிக்கிட்டேன்னு நாளைக்கு எவனாவது இன்னொரு மனு போடுவான்."

"இதோ, கீழேயே தபால் பெட்டி இருக்கே" என்றாள் அக்கா.

"அதுல போட்டாப் போதும். பக்கத்துலயே தபால் ஆபீஸ், எடுத்து முத்திரை குத்தி இன்னிக்கே மேல கொண்டுவந்துடுவாங்க."

கவிஞர் கீழே இறங்கினார். வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்காரும் மர மேசை ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து எழுதினார். அக்கா ஒரு பக்கமும் ஒற்று சார் மறுபக்கமுமாக நின்று, ஆளுக்கொரு தோள்வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"மதிப்பிற்குரிய ஆணையருக்கு. 'மிச்சவழி' இந்த நகரத்துச் சொல். நகரத்தில் அது வசவு. எங்கள் வீட்டில் அது அழைப்பு. ஒரே சொல் இரண்டுமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவரில் பதிப்பதானால், 'வா' என்பதையும் 'நாம' என்பதையும் விட்டுவிடாமல் பதிக்க வேண்டுகிறேன். அந்த இரண்டுக்கு இடம் இல்லை என்றால், என் வரிக்கும் இடம் வேண்டாம்."

"கொஞ்சம் கடுமையா இருக்கோ?" என்றார் கவிஞர்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "அம்மா பேரைப் போடலையே?"

"வீட்டில்னு போட்டிருக்கேனே. அம்மாவை ஆபீஸ் கோப்புல எதுக்கு உக்கார வெக்கணும்?"

அவள் சற்று யோசித்துத் தலையாட்டினாள்.

ஒற்று சார் பேனாவுக்குக் கை நீட்டினார். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை என்பது அவருக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது போலும். கடைசியில் தாளின் அடியில், பிசிறில்லாத வகுப்பறைக் கையெழுத்தில், "மேற்கண்ட விளக்கத்தை ஏற்று என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கையொப்பம் இட்டார்.

"மூணாவது புத்தகம் நூலகத்துல இல்ல" என்றார் பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "ஒண்ணு அனுப்பிவைங்க. நான் நாலு வசவு எழுதி அனுப்புறேன். அடுத்த புத்தகத்துக்கு உதவும்."

"நாலு போதுமா ஐயா?"

"முதல்ல நாலைப் பழகுங்க."

கவிஞர் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் செலுத்தினார். அக்கா பக்கத்து மேசைக்காரரிடம் பசை வாங்கி வந்தாள். தேவைக்கு மேலேயே தடவி, உறையின் வாயை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். தபால்தலையையும் அவளே ஒட்டினாள். கவிஞர் உறையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ப் பெட்டியின் வாய்க்குள் விட்டார். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.